வீட்டு ஹேண்டிகேம் கேசட்டுகளை டிவிடியாக மாற்ற எந்த மென்பொருள்? ஒரு முழுமையான வழிகாட்டி

பீரோவில் கிடக்கும் கல்யாண கேசட்டுகளையும் பிள்ளைகளின் பிறந்தநாள் கேசட்டுகளையும் டிவிடியாக மாற்ற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, இதற்கு எந்த மென்பொருள் நல்லது என்பதைத்தான். கேள்வி நியாயமானது, ஆனால் அதற்கு ஒரே ஒரு பெயரைப் பதிலாகச் சொல்லிவிட முடியாது. கேசட்டில் உள்ள படத்தைக் கணினிக்குள் கொண்டுவருவது ஒரு வேலை. வந்த படத்தை வெட்டி ஒழுங்குபடுத்துவது இன்னொரு வேலை. அதை டிவிடி பிளேயர் ஏற்கும் வடிவில் மெனுவுடன் வட்டில் எழுதுவது மூன்றாவது வேலை. மூன்றையும் ஒரே பொத்தானில் முடித்துத் தருவதாகச் சொன்ன மென்பொருள்கள் 2000களில் ஏராளமாக விற்றன. அவற்றில் பல ஏதாவது ஒரு வேலையை அரைகுறையாகவே செய்தன. ஒவ்வொரு வேலைக்கும் அதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருளைத் தனியாகத் தேர்ந்தெடுப்பதும், முதல் வேலையில் கிடைக்கும் மூலக் கோப்பை அழிக்காமல் வைத்துக்கொள்வதும்தான் இங்கே பரிந்துரைக்கப்படும் முறை.

இணையத்தில் கிடைக்கும் பழைய ஆலோசனைகளை எச்சரிக்கையோடு அணுக வேண்டும். ஒரு காலத்தில் மேக் பயனர்கள் கொண்டாடிய, டிவிடி உருவாக்கும் ஐடிவிடி, 2010இல் வந்த ஐலைஃப் '11 தொகுப்போடு நின்றுவிட்டது; 2019இல் வந்த மேக் இயங்குதளத்தின் கேட்டலினா பதிப்பு 32 பிட் நிரல்களைக் கைவிட்டதால் அதற்குப் பிந்தைய மேக்குகளில் அது திறப்பதே இல்லை. விண்டோஸ் விஸ்டாவிலும் விண்டோஸ் 7இலும் உடன் வந்த டிவிடி மேக்கர், விண்டோஸ் 8இல் இடம்பெறவில்லை. மூவி மேக்கரை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியில் நிறுத்தியது. தொழில்முறையாளர்கள் பயன்படுத்திய அடோபி என்கோர், 2012ஆம் ஆண்டின் சிஎஸ்6 பதிப்போடு முடிந்துபோனது. ஆகவே ஒரு மென்பொருளின் பெயரைக் கேள்விப்பட்டதும், அது இன்றைய இயங்குதளத்தில் ஓடுமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. இக்கட்டுரையில் "டிவி" என்று வருமிடமெல்லாம் மினிடிவி கேசட்டில் உள்ள டிஜிட்டல் பதிவு வடிவத்தையே குறிக்கும். தொலைக்காட்சியைத் தொலைக்காட்சி என்றே எழுதியிருக்கிறேன்.

படி 1: கையில் இருப்பது என்ன கேசட்?

மென்பொருளைத் தீர்மானிப்பது கேசட்தான் என்பதால், இருக்கும் கேசட்டுகளை எல்லாம் மேசையில் பரப்பி வகை பிரித்துவிட வேண்டும். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதாக இருப்பது மினிடிவி. 1995இல் அறிமுகமான இந்த வகையில், படம் ஏற்கெனவே டிஜிட்டலாகவே நாடாவில் பதிவாகியிருக்கிறது. படத்துக்கு மட்டும் விநாடிக்கு ஏறத்தாழ 25 மெகாபிட் என்ற நிலையான வேகத்தில் பதிவாவதால், ஒரு மணி நேரக் கேசட் கணினியில் சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும். இதை நகலெடுக்கும்போது தரம் குறைவதற்கு எந்தக் காரணமும் இல்லை. நாடாவில் உள்ள தரவை அப்படியே கோப்பாக இறக்கினால் போதும்.

அதைவிடப் பெரிய, பழைய ஆடியோ கேசட்டை நினைவூட்டும் 8 மில்லிமீட்டர் கேசட்டுகளில் மூன்று வகை உண்டு. 1985இல் வந்த வீடியோ8, 1989இல் வந்த ஹை8 ஆகிய இரண்டும் அனலாக். சோனி 1999இல் கொண்டுவந்த டிஜிட்டல்8, அதே அளவுக் கேசட்டில் டிவி வடிவத்தைப் பதிவு செய்வது. கேசட்டின் மேல் "ஹை8" என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் பதிவு டிஜிட்டல்8 ஆக இருக்கலாம் என்பதால், எந்தக் கேமராவில் எடுத்தது என்று வீட்டில் விசாரித்துக்கொள்வது நல்லது. விஹெச்எஸ் கேசட்டும், அதன் சிறிய வடிவமான விஹெச்எஸ்-சி கேசட்டும் அனலாக் வகையே.

நாடா இல்லாத கேமராக்களும் உண்டு. ஹார்டு டிஸ்க்கில் பதிவு செய்த ஜேவிசி எவரியோ போன்றவற்றில் கிடைக்கும் "மாட்" கோப்புகள், உள்ளுக்குள் டிவிடிக்கு உரிய எம்பெக்-2 வடிவிலேயே இருப்பவை. 2006இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து அறிவித்த ஏவிசிஹெச்டி வகைக் கேமராக்களின் "எம்டிஎஸ்" கோப்புகள் ஹெச்.264 வடிவில் இருக்கும். 8 சென்டிமீட்டர் சிறிய டிவிடியில் நேரடியாகப் பதிவு செய்த ஹேண்டிகேம்களில், வட்டைக் கேமராவிலேயே "ஃபைனலைஸ்" செய்திருந்தால்தான் மற்ற டிரைவ்கள் அதைப் படிக்கும். செய்யாத வட்டு இருந்தால், கேமரா இன்னும் உயிரோடு இருக்கும்போதே அதை முடித்துவிட வேண்டும்.

பதிவு எந்தத் தொலைக்காட்சி முறையில் எடுக்கப்பட்டது என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் எடுத்தவை பொதுவாக பிஏஎல் முறை: 720 × 576 புள்ளிகள், விநாடிக்கு 25 சட்டங்கள் (ஃபிரேம்கள்). கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர்கள் அனுப்பிய கேசட்டுகள் என்டிஎஸ்சி முறை: 720 × 480 புள்ளிகள், விநாடிக்கு 29.97 சட்டங்கள். இரண்டையும் ஒரே டைம்லைனில் போட்டால் ஏதாவது ஒன்றின் அசைவு தடுமாறும். ஆகவே இரண்டு தனி வட்டுகளாகத் திட்டமிடுவதே நல்லது. வட்டைப் பெறப்போகிறவர் வட அமெரிக்காவில் இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் ஊரில் விற்ற பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டு முறைகளையும் ஏற்றுக்கொண்டன. அங்கே விற்றவற்றில் பல பிஏஎல் வட்டை ஏற்பதில்லை. அவருக்கு டிவிடிக்குப் பதிலாக எம்பி4 கோப்பை அனுப்பிவிடலாம்.

படி 2: கேமராவைக் கணினியோடு இணைத்தல்

மினிடிவி, டிஜிட்டல்8 இரண்டுக்கும் சரியான வழி ஃபயர்வயர் என்ற வயர் இணைப்பு மட்டுமே. சோனி கேமராக்களில் இது ஐ.லிங்க் என்ற பெயரில், 4 பின் கொண்ட சிறிய துளையாக இருக்கும். கேமராவில் யூஎஸ்பி துளையும் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பெரும்பாலான மாடல்களில் அது புகைப்படங்களை இறக்கவும், தரம் குறைந்த படத்தைக் கணினியில் காட்டவும் வைத்தது. நாடாவின் முழுத் தரம் அதன் வழியாக வருவதில்லை. ஒரு முனையில் யூஎஸ்பியும் மறுமுனையில் ஃபயர்வயரும் கொண்ட மலிவான வயர்கள் இணையச் சந்தையில் விற்கின்றன. இரண்டு தொழில்நுட்பங்களும் அடிப்படையிலேயே வேறானவை என்பதால் அந்த வயரை வைத்து எந்த மென்பொருளாலும் படத்தை இறக்க முடியாது. வாங்க வேண்டாம்.

மேசைக் கணினி என்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் அட்டை ஒன்றைப் பொருத்துவது எளிய தீர்வு. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் கேமராவைக் கணினி அடையாளம் காணவில்லை என்றால், மைக்ரோசாஃப்ட்டின் பழைய 1394 (ஃபயர்வயர்) டிரைவரை நிறுவிப் பார்க்க வேண்டும். மேக்கில் தண்டர்போல்ட்டிலிருந்து ஃபயர்வயருக்கு மாற்றும் அடாப்டர்களை வரிசையாக இணைத்துப் பலர் வேலையை முடித்தார்கள். ஆனால் 2025இல் வந்த மேக் ஓஎஸ் 26 டஹோ பதிப்பில் ஆப்பிள் ஃபயர்வயர் ஆதரவையே நீக்கிவிட்டது. மேக் வைத்திருப்பவர்கள் முந்தைய பதிப்பில் இருக்கும்போதே கேசட் வேலையை முடிப்பது புத்திசாலித்தனம். யார் வீட்டிலாவது ஃபயர்வயர் துளையுள்ள பழைய மடிக்கணினி தூங்கிக்கொண்டிருந்தால் அதை இரவல் வாங்குவதுதான் செலவே இல்லாத வழி. விநாடிக்கு 3.6 மெகாபைட் அளவே வரும் இந்தத் தரவை எழுத மிகப் பழைய கணினிக்கும் சக்தி உண்டு.

ஹை8, வீடியோ8 கேசட் வைத்திருப்பவர்களுக்கு ஓர் அருமையான குறுக்குவழி இருக்கிறது. டிஜிட்டல்8 கேமராக்களில் பல, எல்லாமும் அல்ல, பழைய அனலாக் 8 மில்லிமீட்டர் கேசட்டுகளையும் ஓட்டி, அந்தப் படத்தை உள்ளேயே டிவியாக மாற்றி ஃபயர்வயர் வழியாக வெளியே அனுப்பும். அப்படி ஒரு கேமரா கிடைத்தால் உங்கள் அனலாக் பிரச்சினை முழுவதும் டிஜிட்டல் பிரச்சினையாகச் சுருங்கிவிடும்.

விஹெச்எஸ் கேசட்டுக்கு விசிஆரும், அதன் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் யூஎஸ்பி கேப்சர் கருவியும் தேவை. இங்கே மென்பொருளைவிடக் கருவிக்குச் செலவழிப்பதே பலன் தரும். பெயர் தெரியாத மலிவுக் குச்சிகளில் நிறம் வெளிறுவதும், ஒலி சிறிது சிறிதாகப் படத்தைவிட்டு விலகுவதும் வழக்கம். ஹாபாக் நிறுவனத்தின் யூஎஸ்பி-லைவ்2 போன்ற கருவிகளோ, படத்தையும் ஒலியையும் பூட்டி டிவி வடிவில் தரும் கனோபஸ் ஏடிவிசி-110 போன்ற மாற்றிகளோ கிடைத்தால் நல்லது. விசிஆரிலும் கருவியிலும் எஸ்-வீடியோ துளை இருந்தால், மஞ்சள் நிற ஆர்சிஏ வயரை விட்டுவிட்டு அதையே பயன்படுத்த வேண்டும்.

நாடாவில் வெள்ளைப் பொடி போல் பூஞ்சை தெரிந்தால், அந்தக் கேசட்டை எந்தக் கருவியிலும் போடக் கூடாது. கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் இது சாதாரணமாக நடப்பது. ஒரு பூஞ்சைக் கேசட் ஹெட்டை அடைத்துவிட்டு, அடுத்து வரும் நல்ல கேசட்டுகளிலும் பூஞ்சையைப் பரப்பிவிடும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் தனியாகக் கொடுங்கள்.

படி 3: கேப்சர் மென்பொருள்

டிவி கேசட்டுக்கு விண்டோஸில் என் பரிந்துரை வின்டிவி என்ற சிறிய இலவச நிரல். 2000களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட இதன் தோற்றம் யாரையும் கவராது. ஆனால் செய்ய வேண்டியதை மட்டும், அதாவது நாடாவில் உள்ள தரவை ஒரு பிட் கூட மாற்றாமல் ஏவிஐ கோப்பாக எழுதுவதை மட்டும், செய்கிறது. நாடாவில் ஒவ்வொரு சட்டத்தோடும் பதிவான தேதியையும் நேரத்தையும் அது படித்து, கேமராவை நிறுத்தி மீண்டும் தொடங்கிய இடங்களில் கோப்பைப் பிரித்து, அந்தத் தேதியையே கோப்பின் பெயராகவும் வைக்கும். கேசட்டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று மங்கிய மையை உற்றுப் பார்க்கும் வேலையை இது மிச்சப்படுத்துகிறது. கேமராவில் அன்று தேதி சரியாக வைத்திருந்தால்தான் இது பலிக்கும் என்பது வேறு விஷயம்.

அமைப்புகளில் "டைப் 2" ஏவிஐ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒலி தனித் தடமாகவும் எழுதப்படுவதால் எடிட்டிங் மென்பொருள்கள் அதை எளிதாகத் திறக்கின்றன. கோப்பு போய்ச் சேரும் ஹார்டு டிஸ்க் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்க வேண்டும். ஃபேட்32 வடிவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால், கேசட் ஏறத்தாழ இருபதாவது நிமிடத்தை எட்டுவதற்குள் பதிவு நின்றுவிடும். கேப்சர் நடக்கும்போது கைவிடப்பட்ட சட்டங்களின் எண்ணிக்கையைத் திரையில் கவனியுங்கள். அது பூஜ்யமாகவே இருக்க வேண்டும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். இதை விரைவாக்க வழி இல்லை.

லினக்ஸில் டிவிகிராப் என்ற கட்டளைவரி நிரல் இதே வேலையைச் செய்கிறது. மேக்கில் ஃபயர்வயர் ஆதரவு உள்ள பதிப்புகளில் குவிக்டைம் பிளேயரே இறக்கித் தரும். பழுதான கேசட்டுகளுக்கு டிவிரெஸ்க்யூ என்ற திறந்தமூல நிரலை அறிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஆவணக் காப்பக வல்லுநர்களுக்காக எழுதப்பட்ட அது, ஒவ்வொரு சட்டத்திலும் உள்ள பிழையைக் கணக்கெடுத்து, ஒரே கேசட்டைப் பலமுறை ஓட்டிய பதிவுகளிலிருந்து நல்ல பகுதிகளைச் சேர்த்து ஒரே கோப்பாகத் தரக்கூடியது. சதுரம் சதுரமாகப் படம் உடையும் கேசட்டைக் குப்பையில் போடும் முன் இதை முயன்று பார்க்கலாம். அதற்கும் முன்பாக, கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றி, ஹெட் கிளீனர் கேசட்டைச் சில விநாடிகள் ஓட்டிப் பாருங்கள். நாடாவை மெதுவாக ஓட்டும் எல்பி முறையில் 90 நிமிடம் பதிவான கேசட் என்றால், பதிவு செய்த அதே கேமராவில்தான் அது பெரும்பாலும் சரியாக ஓடும்.

அனலாக் கேப்சருக்கு விர்ச்சுவல்டப்2 என் முதல் தேர்வு. ஹஃப்ஒய்யூவி அல்லது எஃப்எஃப்வி1 போன்ற தர இழப்பற்ற கோடெக்கில் (சுருக்கும் முறையில்) பதிவு செய்தால் மணிக்கு 30 முதல் 40 ஜிபி வரை ஆகும். எடிட்டிங் முடியும்வரை அந்த இடத்தை ஒதுக்கத்தான் வேண்டும். ஓபிஎஸ் ஸ்டூடியோவைப் பலர் சிபாரிசு செய்வதைப் பார்க்கிறேன். அது நேரலை ஒளிபரப்புக்காக உருவானது. கேசட்டின் பின்னல் (இன்டர்லேஸ்) சட்டங்களை, அடுத்த படியில் இதை விளக்குகிறேன், உள்ளபடியே காப்பாற்றுவதில் அதற்குப் பெரிய அக்கறை இல்லை. கேப்சர் கருவியோடு வரும் குறுந்தட்டு மென்பொருள்கள் நேரடியாக எம்பெக்-2 ஆகவோ ஹெச்.264 ஆகவோ சுருக்கிவிடும். வெட்டவே போவதில்லை, வட்டில் போட்டால் போதும் என்பவருக்கு அது சரி. மற்றவர்கள் தவிர்க்க வேண்டும்.

படி 4: எடிட்டிங் மென்பொருளும், பின்னல் பற்றிய கவனமும்

வீட்டு வீடியோவுக்குத் தேவையான எடிட்டிங் மிகக் குறைவு. லென்ஸ் மூடியைப் போடாமல் தரையைப் படமெடுத்த நிமிடங்களை நீக்குவது, இருண்ட காட்சிகளைச் சற்றே வெளிச்சமாக்குவது, ஒலி அளவைச் சீராக்குவது, தலைப்பு ஒன்று சேர்ப்பது, இவ்வளவுதான். இதற்கு ஷாட்கட், கேடென்லைவ் ஆகிய இரண்டு இலவச மென்பொருள்களில் எதுவும் போதும். டாவின்சி ரிசால்வ் மிகச் சிறந்த மென்பொருள்தான். ஆனால் அது கேட்கும் கிராஃபிக்ஸ் சக்தி அதிகம், டிவிடி உருவாக்கும் வசதியும் அதில் இல்லை. கோரெல் வீடியோஸ்டுடியோவையோ பினாக்கிள் ஸ்டுடியோவையோ ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் அதையே தொடரலாம். இதற்காகப் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

எந்த மென்பொருளாக இருந்தாலும், பிஏஎல் பதிவுக்குப் புதிய திட்டத்தைத் தொடங்கும்போதே அதன் வடிவத்தை 720 × 576, 25 சட்டங்கள், பின்னல் முறை என்று அமைக்க வேண்டும். இந்த ஓர் இடத்தில்தான் பெரும்பாலான வீட்டு டிவிடிகள் கெட்டுப்போகின்றன என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பழைய கேமராக்கள் ஒரு சட்டத்தை முழுதாக ஒரே கணத்தில் எடுப்பதில்லை. ஒன்றுவிட்ட கோடுகளை ஒரு கணத்திலும், இடையிலுள்ள கோடுகளை விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்தும் எடுத்து, இரண்டையும் பின்னி ஒரு சட்டமாக வைக்கின்றன. அதனால் கணினித் திரையில் நிறுத்திப் பார்க்கும்போது, ஓடும் குழந்தையின் ஓரங்கள் சீப்பின் பற்களைப் போலத் தெரியும். இது பழுது அல்ல. டிவிடி பிளேயரும் தொலைக்காட்சியும் இந்தப் பின்னலை அறிந்தே காட்டுகின்றன; விநாடிக்கு 50 அசைவு நிலைகள் கிடைப்பதால்தான் பழைய வீடியோவின் அசைவு அவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறது. சீப்புப் பற்களைக் கண்டு பயந்து "டீஇன்டர்லேஸ்" பொத்தானை அழுத்தினால், பல மென்பொருள்கள் பாதி அசைவு நிலைகளைத் தூக்கி எறிந்துவிடும். டிவிடிக்காகச் செய்யும்போது அந்தப் பொத்தானைத் தொடவே கூடாது.

இரண்டு பாதிகளில் எது முதலில் வரும் என்ற வரிசையும் முக்கியம். டிவி வடிவத்தில் கீழ்ப்பாதியே (இரட்டைப்படைக் கோடுகள்) முதலில் வரும். யூஎஸ்பி கருவி வழியே வந்த அனலாக் பதிவுகளில் பொதுவாக மேல்பாதி (ஒற்றைப்படைக் கோடுகள்) முதலில் வரும். மென்பொருளில் இதைத் தவறாக அமைத்தால், நின்றிருப்பவர்கள் நன்றாகத் தெரிவார்கள், நடப்பவர்கள் மட்டும் முன்னும் பின்னுமாக உதறுவார்கள். கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி எடுத்த காட்சி ஒன்றை மட்டும் மீண்டும் மீண்டும் எழுதத்தக்க வட்டில் பதிந்து தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். முழு வட்டையும் எழுதிய பிறகு கண்டுபிடிப்பதைவிட இது மலிவு.

படத்தை எச்டி அளவுக்குப் பெரிதாக்கி எடிட் செய்து, பிறகு டிவிடிக்காக மீண்டும் சுருக்குவதால் பின்னல் குலைந்து படம் கெடுமே தவிர வேறு பலன் இல்லை. விஹெச்எஸ் படத்தின் அடியில் துடிக்கும் கோடுகள் தெரிவதுண்டு; அவற்றை மறைக்கப் படத்தைப் பெரிதாக்காமல், அந்த இடத்தில் கறுப்புப் பட்டை ஒன்றை வைத்தால் போதும். 4:3 அளவில் எடுத்த படத்தை அகலத்திரைக்காக இழுக்கவும் கூடாது. மாமியார் பருமனாகத் தெரிவதை யாரும் விரும்புவதில்லை.

ஒலி பற்றி ஒரு சொல். பல ஹேண்டிகேம்கள் 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் பதிவு செய்தன. டிவிடிக்கு 48 கிலோஹெர்ட்ஸ் தேவை. திட்டத்தின் ஒலி அமைப்பை 48 என்று வைத்துவிட்டால் மென்பொருளே மாற்றிக்கொள்ளும். ஆனால் 32இல் பதிந்த கேசட்டையும் 48இல் பதிந்த கேசட்டையும் ஒரே கோப்பாக கேப்சர் செய்தால் ஒலி விலகும். அவற்றைத் தனிக் கோப்புகளாக இறக்குங்கள்.

படி 5: எவ்வளவு நேரம், எவ்வளவு தரம்?

ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 470 கோடி பைட்டுகள். கணினி இதை 4.37 ஜிபி என்று காட்டும். டிவிடி விதிப்படி படத்துக்கு விநாடிக்கு 9.8 மெகாபிட்டுக்கு மேல் கொடுக்க முடியாது. ஒரு மணி நேரப் படத்துக்கு இடம் தாராளமாக இருப்பதால் 8 மெகாபிட் கொடுக்கலாம். பழைய பிளேயர்கள் திணறாமல் இருக்க அதற்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒலியையும் சேர்த்து ஏறத்தாழ 6.5, இரண்டு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 4.9 மெகாபிட்தான் கிடைக்கும். இதில் ஒலிக்கு ஏசி-3 வடிவில் 0.2 மெகாபிட்டை ஒதுக்கினால் போதும். சுருக்காத பிசிஎம் ஒலியைத் தேர்ந்தெடுத்தால் அதுவே ஒன்றரை மெகாபிட்டை விழுங்கிவிடும்.

சினிமாப் படம் இரண்டு மணி நேரம் ஒரு வட்டில் அடங்குகிறதே என்ற ஒப்பீடு இங்கே செல்லாது. கையில் பிடித்து எடுத்த, ஆடும், இருட்டில் மணல் போல் இரைச்சல் மிகுந்த வீடியோவைச் சுருக்குவது எம்பெக்-2 முறைக்கு மிகக் கடினம். கல்யாண மண்டபத்து மின்விளக்குச் சரங்களில் 4.5 மெகாபிட் போதாமல் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆகவே ஒரு வட்டுக்கு ஒரு மணி நேரம், அதிகம் போனால் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே என் கணக்கு. வெற்று வட்டின் விலை அதில் போகும் உங்கள் உழைப்புக்கு முன் ஒன்றுமே இல்லை.

எம்பெக்-2 ஆகச் சுருக்குவது ஒரே ஒருமுறைதான் நடக்க வேண்டும். எடிட்டிங் மென்பொருளிலிருந்து நேரடியாக டிவிடிக்குரிய எம்பெக்-2 கோப்பை ஏற்றுமதி செய்தால், அடுத்த படியில் வரும் மென்பொருள் அதை மீண்டும் சுருக்காமல் தடுக்க வேண்டும். அல்லது எடிட்டிங் மென்பொருளிலிருந்து தர இழப்பற்ற கோப்பாக வெளியே எடுத்து, சுருக்கும் வேலையை அடுத்த மென்பொருளிடம் விட்டுவிட வேண்டும். இரண்டு முறை சுருக்கிய படத்தில் வரும் மங்கலை எந்த அமைப்பாலும் பிறகு சரிசெய்ய முடியாது.

படி 6: டிவிடி உருவாக்கும் மென்பொருள்

இலவசமாகக் கிடைப்பவற்றில் டிவிடிஸ்டைலர் முதலிடம் பெறுகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் உள்ள திறந்தமூல மென்பொருளான இதில், மெனுப் பக்கம், பொத்தான்கள், அத்தியாயங்கள் எல்லாவற்றையும் இழுத்துவைத்தே அமைக்கலாம். கோப்பு ஏற்கெனவே டிவிடி விதிகளுக்கு உட்பட்ட எம்பெக்-2 ஆக இருந்தால், அதன் பண்புகளில் "காப்பி" என்பதைத் தேர்ந்தெடுத்தால் மறுசுருக்கம் நடக்காது. ஜேவிசி "மாட்" கோப்பு வைத்திருப்பவர்கள், அதன் பெயர் நீட்சியை "எம்பிஜி" என்று மாற்றிவிட்டு, இந்த வழியில் எடிட்டிங் படியையே தாண்டிவிடலாம். அகலத்திரைப் பதிவு 4:3 ஆகத் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால் அதை மட்டும் திருத்த வேண்டியிருக்கும். லினக்ஸில் டெவீடி என்ஜி (DeVeDe NG) இன்னும் எளிமையானது; மெனு அழகைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கு ஏற்றது.

பணம் கொடுத்து வாங்க ஒரு காரணம் உண்டென்றால், அது பெகாசிஸ் நிறுவனத்தின் டிஎம்பிஜிஎன்க் ஆதரிங் வொர்க்ஸ்தான். சுருக்கத்தின் தரம், வெட்டிய இடங்களை மட்டும் மறுசுருக்கம் செய்யும் வசதி, ஏவிசிஹெச்டியின் 1080 கோட்டுப் பின்னலை 576 கோடாகச் சரியாகக் குறைக்கும் திறன் ஆகியவற்றில் இலவச மென்பொருள்களைவிட அது மேல். சோதனைப் பதிப்பில் உங்கள் கோப்பு ஒன்றை ஓட்டிப் பார்த்து, தொலைக்காட்சியில் வித்தியாசம் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். மேக்கில் ரோக்ஸியோ டோஸ்ட் நெடுங்காலமாக இந்த வேலையைச் செய்துவருகிறது.

மெனுவில் தமிழ்த் தலைப்பு வைக்க விரும்புவோர், முன்னோட்டத்தில் கொம்பும் காலும் தத்தம் எழுத்தோடு சேர்ந்து நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சிதைந்திருந்தால், வேறு பட மென்பொருளில் தலைப்பை எழுதி 720 × 576 படமாகச் சேமித்து, அதை மெனுவின் பின்னணியாக வைத்து, பொத்தான்களை மட்டும் அதன் மேல் அமைத்தால் எந்த எழுத்தும் குலையாது. அத்தியாயங்களை ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று இயந்திரத்தனமாகப் போடுவதைவிட, நிகழ்ச்சிகளின் தொடக்கத்தில், அதாவது மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், பந்தி என்று வைத்தால் தாத்தாவும் ரிமோட்டில் கண்டுபிடித்துவிடுவார். எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்பதைக் குறிக்கும் மண்டலக் குறியீட்டை "எல்லாம்" என்றே விட்டுவிடுங்கள்.

படி 7: வட்டில் எழுதுதலும் சோதனையும்

மென்பொருளிலிருந்து நேரடியாக வட்டில் எழுதாமல், முதலில் முழு வட்டின் உள்ளடக்கத்தையும் கொண்ட ஐஎஸ்ஓ கோப்பாகச் சேமித்து, விஎல்சி பிளேயரில் திறந்து எல்லா பொத்தான்களையும் அழுத்திப் பாருங்கள். பிறகு இம்ஜ்பர்ன் போன்ற தனி நிரலால் எழுதலாம். 2013க்குப் பிறகு அதற்குப் புதிய பதிப்பு வரவில்லை என்றாலும், எழுதிய பின் வட்டைப் படித்துச் சரிபார்க்கும் அதன் வசதிக்கு நிகர் குறைவு. பழைய பிளேயர்களில் ஓட டிவிடி-ஆர் வகை வட்டே பாதுகாப்பானது. மிக அதிக வேகத்தைத் தவிர்த்து 8 மடங்கு அல்லது அதற்குக் கீழ் எழுதுவது நல்லது. வட்டின் மேல் ஒட்டும் காகித லேபிள் காலப்போக்கில் சுருங்கி வட்டைக் கோணலாக்கும் என்பதால், டிவிடிக்கென்று விற்கும் மார்க்கரால் எழுதினால் போதும்.

சோதிக்கும்போது வீட்டில் உள்ள மிகப் பழைய பிளேயரில் போட்டு, கடைசி பத்து நிமிடங்களைப் பாருங்கள். வட்டின் வெளி விளிம்பில்தான் எழுதும்போது நேர்ந்த பிழைகள் முதலில் தலைகாட்டும். அங்கே படம் தடையின்றி ஓடினால் மற்ற நகல்களையும் அதே வேகத்தில், அதே வகை வட்டில் எழுதிவிடலாம்.

படி 8: மூலக் கோப்பை வைத்திருத்தல்

இருபது மினிடிவி கேசட்டுகளின் டிவி கோப்புகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 260 ஜிபிதான் வரும். ஒரு டெராபைட் வெளிப்புற ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கி, இரண்டிலும் நகல் வைத்து, ஒன்றை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். டிவிடியில் இருப்பது சுருக்கிய நகல். பதிவான தேதியும் நேரமும் அதில் போய்விடும். நாளை இன்னும் நல்ல வடிவம் வரும்போது திரும்பிப் போக வேண்டியது டிவி கோப்புக்கே. அனலாக் பதிவின் 40 ஜிபி கோப்புகளை எல்லாம் வைத்திருக்க முடியாதவர்கள், எஃப்எஃப்வி1 வடிவில் எடிட் செய்த பகுதிகளையாவது வைத்துக்கொள்ளலாம்.

டிவிடி டிரைவே இல்லாத மடிக்கணினிகளும் கைபேசிகளும் வைத்திருக்கும் இளையவர்களுக்கு ஹேண்ட்பிரேக் மூலம் எம்பி4 எடுத்துக்கொடுங்கள். முன்பு தொடக்கூடாது என்று சொன்ன டீஇன்டர்லேஸ் இங்கே தேவை, ஏனெனில் கைபேசித் திரைக்குப் பின்னல் புரியாது. அதிலுள்ள பிடபிள்யூடிஃப் (Bwdif) வடிகட்டியை "பாப்" முறையில் வைத்து, விநாடிக்கு 50 சட்டங்களாக வெளியே எடுத்தால் அசைவின் வழுவழுப்பு கெடாது. இதை டிவிடியிலிருந்து எடுக்காமல் மூல டிவி கோப்பிலிருந்தே எடுக்க வேண்டும்.

கேசட்டுகளை உடனே எறிந்துவிட வேண்டாம். முழுவதும் பின்னோக்கிச் சுற்றி, மினிடிவியின் முதுகில் உள்ள சிறு தாழ்ப்பாளை "சேவ்" பக்கம் தள்ளி, உறையில் நட்டுக்குத்தாக நிறுத்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, இறக்கிய கோப்பின் பெயரையே உறையின் மேலும் எழுதிவிடுங்கள்.